பிள்ளை பார்க்கிற வீடும் யாரும் பார்க்காத ஆய்வு அறிக்கையும்

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு கஷ்டமான செய்தியில இருந்து தொடங்குது. 2025 ஏப்ரல் 29. மதுரை கே.கே. நகரில் ஒரு தனியார் மழலையர் பள்ளி. கோடைக்காலம், ஆனாலும் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். அங்கே நாலு வயசுப் பெண் குழந்தை ஒன்று தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து இறந்து போனது. பள்ளிக்குச் சீல் வைத்தார்கள். நடத்தியவரைக் கைது செய்தார்கள். டிவியில் ரெண்டு நாள் ஓடுச்சு. அப்புறம் வேற செய்தி வந்துடுச்சு.

அந்த ரெண்டு நாளில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுட்டு வேலைக்குப் போகிற எல்லா அம்மா அப்பாவுக்கும் ஒரே கேள்விதான் வந்திருக்கும். நம்ம பிள்ளை இருக்கிற இடத்தில் தொட்டிக்கு மூடி இருக்கா? யாராவது வந்து பார்த்தாங்களா? பார்த்திருந்தா, என்ன எழுதி வச்சாங்க?

ஒரு ஹோட்டலில் பிரியாணி ஆர்டர் பண்ணும் முன்னாடி ரேட்டிங் பார்க்கிறோம். பிள்ளையை விடும் இடத்தைப் பற்றி அரசு அதிகாரி எழுதின அறிக்கையை மட்டும் நாம் பார்த்ததே இல்லை. "அப்போ எல்லாத்தையும் இணையத்தில் போட்டுட வேண்டியதுதானே?" என்று தோணும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அந்த அறிக்கையில் பெயர் வரப்போகிற ஆள் யார் என்று யோசித்தால் கொஞ்சம் தயக்கம் வருகிறது. பெரும்பாலும் அது ஒரு பெண். வாடகை வீட்டில், முன் ஹாலில், ஆறேழு பிள்ளைகளை வச்சுப் பார்த்துக்கிற ஒரு அக்கா.

பிள்ளையின் பாதுகாப்பு, பார்த்துக்கொள்பவருக்கான நியாயம். இந்த ரெண்டுக்கும் நடுவில் நடக்கிற இழுபறிக்கு ஏறக்குறைய 150 வருஷ வரலாறு இருக்கு. அதைச் சொல்ல மதுரையில் இருந்து மேற்கே, தேனிக்கும் கம்பம் பள்ளத்தாக்குக்கும் போகலாம். ஏன் அங்கே என்பது போகப் போகப் புரியும்.

ஜீப் கிளம்புகிற நேரம்

கம்பம், கூடலூர், உத்தமபாளையம், கோம்பை, தேவாரம், போடி. இந்த ஊர்களில் விடியும் முன்னாடியே ஜீப் சத்தம் கேட்கும். தூக்குவாளியில் சோறு, தலையில் கட்ட ஒரு துண்டு. பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்து, கம்பம்மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ மலை ஏறுகிறார்கள். இடுக்கியில் ஏலக்காய்த் தோட்ட வேலை. "மலைக்குப் போறாங்க" என்றால் அங்கே அதுதான் அர்த்தம். பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வருவார்கள்.

இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசினால் எல்லோரும் பென்னிகுக்கில் ஆரம்பிப்பார்கள். 1895இல் முல்லைப் பெரியாறு அணை வந்தது, தண்ணீர் கிழக்கே திரும்பியது, இரண்டு போகம் நெல் விளைந்தது. எல்லாம் உண்மை. ஆனால் நெல்லும் திராட்சையும் மட்டும் எல்லா வீட்டு உலையையும் ஏற்றவில்லை. நிலம் இல்லாத குடும்பங்களுக்குக் கூலி மலையில் இருந்தது. அந்த மலை இன்னொரு ஆட்சியின் கீழ் இருந்தது. முதலில் திருவிதாங்கூர், பிறகு கேரளம். 1956இல் மாநிலங்களை மொழிவாரியாகச் சீரமைத்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடுதான் நின்றன. ஆக வீடு ஒரு மாநிலம், வேலை இன்னொரு மாநிலம்.

இப்போ 1951க்கு வாங்க. அந்த வருஷம் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தது. அதன் 12ஆவது பிரிவு குழந்தைக் காப்பகம் பற்றியது. 50 பெண் தொழிலாளர்கள் இருந்தால் தோட்ட முதலாளி ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்த வேண்டும் என்று அது சொன்னது. பின்னாளில் செய்த திருத்தத்தில், பெண் தொழிலாளர்களின் பிள்ளைகள் 20 பேர் இருந்தாலே போதும் என்று ஆனது. அறையில் வெளிச்சம் வேணும், காற்று வரணும், சுத்தமாக இருக்கணும், பயிற்சி பெற்ற பெண் பொறுப்பில் இருக்கணும் என்றது. இதைப் பார்க்க ஆய்வாளர் இருந்தார். ஏலத் தோட்டங்களும் இந்தச் சட்டத்தில் வந்தன. காகிதத்தில் நல்ல சட்டம்தான். இலங்கை மலையகத்துத் தமிழர்கள் "பிள்ளை மடுவம்" என்று சொல்வார்களே, அதே வகைக் காப்பகம். தேனி மாவட்டத்துக்குள்ளேயே மேகமலைத் தேயிலைத் தோட்டங்கள் மாதிரி ஆட்கள் லைனில் குடியிருந்து வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தியது.

ஆனால் கம்பத்தில் இருந்து ஜீப்பில் போகிற அம்மா தன் ரெண்டு வயசுப் பிள்ளையை அந்த நெரிசலில், கொண்டை ஊசி வளைவுகளில் கூட்டிப் போவாளா? பிள்ளை கீழேயே இருக்கும். காப்பகம் நடத்த வேண்டிய முதலாளி மேலே, கேரளத்தில். ஆய்வாளரும் அங்கே. அவர் போய்ப் பார்த்தாலும் காப்பகத்தில் இந்தப் பிள்ளை இருக்காது. சட்டத்தை யாரும் மீறாமலேயே பிள்ளை சட்டத்துக்கு வெளியே விழுந்துவிட்டது.

அந்த இடைவெளியை யார் நிரப்பினாங்க? அம்மாச்சி, அப்பத்தா, வயசுக்கு வந்து பள்ளிக்கூடம் நின்றுபோன அக்கா, மலையேற முடியாத பக்கத்து வீட்டு அத்தை. சிலர் சும்மா பார்த்துக்கொண்டார்கள். சிலர் கொஞ்சம் பணம் வாங்கினார்கள். பால்வாடி திறக்கும் நேரத்துக்கு இவர்களே பிள்ளையைக் கொண்டுபோய் விட்டு, மதியம் கூட்டி வந்து, அம்மா வரும்வரை வைத்துக்கொள்வார்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ நாம் "ஹோம் டேகேர்" என்று சொல்வதன் பழைய உருவம் இதுதான். பெயர்ப்பலகை இல்லை, பதிவு இல்லை, ஆய்வும் இல்லை.

இந்த வீட்டுக்குள் அரசு வரணுமா, வந்தால் எப்படி வரணும்? இந்தக் கேள்வியை முதலில் சந்தித்தது கம்பம் இல்லை. அதனால் கொஞ்ச நேரம் லண்டன் போயிட்டு வரலாம்.

1872: லண்டனில் இதே சண்டை

1870இல் லண்டனில் மார்கரெட் வாட்டர்ஸ் என்ற பெண்ணைத் தூக்கில் போட்டார்கள். பணம் வாங்கிக்கொண்டு கைக்குழந்தைகளை வளர்ப்பதாகச் சொல்லி, பட்டினி போட்டுச் சாகவிட்டார் என்பது வழக்கு. பத்திரிகைகள் கொதித்தன. பிள்ளை வளர்க்கும் வீடுகளை எல்லாம் பதிவு செய், ஆய்வு செய் என்று கோரிக்கை எழுந்தது. 1872இல் சட்டம் வந்தது. ஒரு வயதுக்குட்பட்ட ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகளைக் கூலிக்கு வைத்திருப்பவர் பதிவு செய்ய வேண்டும்.

அதை எதிர்த்தது யார் தெரியுமா? பெண்ணுரிமைக்காரர்கள். லிடியா பெக்கர் போல, பெண்களுக்கு வாக்குரிமை கேட்டுப் போராடிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் கவலை சுருக்கமாக இதுதான்: ஒரு கொலைகாரியைக் காட்டி, பிள்ளை பார்த்துப் பிழைக்கும் அத்தனை ஏழைப் பெண்களையும் சந்தேகப் பட்டியலில் வைக்கிறீர்கள். வேலைக்குப் போகும் தாய் பிள்ளையை எங்கே விடுவாள் என்பதற்குப் பதில் சொல்லாமல், விடுகிற இடத்தை மட்டும் போலீஸ் மாதிரிப் பார்க்கிறீர்கள்.

அவர்கள் எதிர்ப்புக்குப் பலன் இருந்தது. 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் சட்டம் என்று ஆனது. பகலில் மட்டும் பிள்ளை பார்க்கும் பெண்கள் தப்பித்தார்கள். ஆனால் இதற்கு இன்னொரு பக்கமும் இருக்கு. பகலில் பார்த்துக்கொள்கிற வீடுகளுக்கென்று பிரிட்டனில் தனிச் சட்டம் வந்தது 1948இல்தான். 76 வருஷம். அத்தனை வருஷமும் அந்த வீடுகளில் இருந்த பிள்ளைகளுக்காகக் கதவைத் தட்டிக் கேட்க ஒரு சட்டம் இல்லை.

ரெண்டு தரப்பும் சொன்னதில் உண்மை இருந்தது. ஆய்வு என்பது ஏழைப் பெண்ணைக் குற்றவாளியாகப் பார்க்கும் என்ற பயம் நியாயம். ஆய்வே இல்லாவிட்டால் பிள்ளை அனாதையாகும் என்பதும் நியாயம். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி, நம்ம பக்கத்திலேயே, பழைய மதுரை மாவட்டத்தில் நடந்து பார்த்திருக்கு.

முற்றத்தில் இருந்து தராசுக்கு

அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். "அங்கன்வாடி" என்ற சொல்லில் இருக்கும் "அங்கன்" என்றால் முற்றம். 1945 வாக்கில் மகாராஷ்டிராவின் போர்டி கிராமத்தில் தாராபாய் மோடக், அனுதாய் வாக் என்ற இரண்டு பெண்கள் ஏழைப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்த முயற்சியில் பிறந்த யோசனை அது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு வராவிட்டால், அவர்கள் குடியிருப்பின் முற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போகட்டும். நாம் இன்றைக்கும் வாய் மாறாமல் சொல்கிற "பால்வாடி"யும் அந்த மரபில் வந்ததுதான். 1975 அக்டோபர் 2இல் மத்திய அரசு இதை ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டமாக 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆக, இன்றைக்கு நாம் அரசு நிறுவனமாகப் பார்ப்பதன் வேர் ஒரு வீட்டு முற்றம்.

இப்போ 1980. உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் தொடங்கியது. முதலில் இறங்கிய இடம் மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரம். அப்போது தேனி தனி மாவட்டம் இல்லை. பெரியகுளம், உத்தமபாளையம், போடி எல்லாமே மதுரை மாவட்டம்தான். தேனி பிரிந்தது 1996இல்.

இந்தத் திட்டம் என்ன செய்தது? ஊருக்கு ஒரு பெண்ணைப் பணியாளராக எடுத்தார்கள். வெளியூர்க்காரர் இல்லை, அதே ஊர்க்காரர். தன் பிள்ளையை நன்றாக வளர்த்திருக்கிற ஏழைத் தாயாக இருந்தால் முன்னுரிமை. மற்ற அம்மாக்கள் அவரைப் பார்த்து நம்பணும், அதுதான் கணக்கு. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடையை ஒரு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தார்கள். கோடு மேலே போனால் சரி. படுத்துவிட்டாலோ கீழே இறங்கினாலோ பிள்ளைக்கு ஏதோ குறை.

ஒருவகையில் இதுவும் ஆய்வு முடிவுதான். அந்த முடிவை ஃபைலில் போட்டுப் பூட்டவில்லை. எடை போட்ட இடத்திலேயே அம்மாவிடம் அட்டையைக் காட்டினார்கள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று புரியும். முக்கியமான விஷயம் அடுத்துதான் வருது. கோடு இறங்கினால் "நீ பிள்ளையைச் சரியா பார்க்கலை" என்று அம்மாவைத் திட்டி அனுப்பவில்லை. அன்றிலிருந்து 90 நாள் அந்தப் பிள்ளைக்குச் சத்து உருண்டை. எடை தேறினால் நிறுத்துவார்கள். தேறாவிட்டால் மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். பணியாளருக்கும் அப்படித்தான். ஏறக்குறைய பத்து மையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர். அவர் வருவது தப்புக் கண்டுபிடிக்க மட்டும் இல்லை, கூட உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கவும்தான்.

திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறைவு கணிசமாகக் குறைந்ததாகப் பின்னால் வந்த மதிப்பீடுகள் சொல்கின்றன. குறைகளும் இருந்தன, அதை மறைக்க வேண்டாம். ஆனால் இன்றைய கேள்விக்கு அதில் ஒரு பதில் இருக்கு. முடிவு வெளிப்படையாக இருந்தது, உதவியும் அதன் கூடவே வந்தது. அதனால் அந்த அட்டையைக் கண்டு அம்மா பயந்து ஓட வேண்டியிருக்கவில்லை.

கும்பகோணம்: பூட்டியிருந்த ஃபைல்

இதற்கு நேர் எதிரான கதையும் நம்மிடம் இருக்கு. 2004 ஜூலை 16, கும்பகோணம். சத்துணவுச் சமையல்கூடத்தில் பிடித்த தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்துக்குள் நெருக்கி நடந்த பள்ளி, ஓலைக் கூரை, குறுகலான படிக்கட்டு.

இது இரவோடு இரவாக முளைத்த கட்டடம் இல்லை. தினமும் பிள்ளைகளை விட்டுட்டுப் போன பெற்றோர் வாசலில் இருந்து பார்த்த கட்டடம். அதிகாரிகளுக்கும் தெரிந்த கட்டடம். அதன் ஆபத்தைப் பற்றி யார் என்ன எழுதினார்கள், எழுதாமல் விட்டார்கள் என்பது பெற்றோருக்குத் தெரியவந்தது தீக்குப் பிறகு, விசாரணைக் கமிஷனிலும் நீதிமன்றத்திலும்தான்.

வழக்கு பத்து வருஷம் நடந்தது. 2014 ஜூலை 30 அன்று தஞ்சாவூர் நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது, 11 பேரை விடுதலை செய்தது. பள்ளி நிறுவனருக்கு ஆயுள் தண்டனை. தண்டனை பெற்றவர்கள் பட்டியலில் அந்தச் சமையல்கூடத்தில் சோறு ஆக்கின பெண்ணும் இருந்தார். பின்னர் 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நிறுவனரின் தண்டனையைக் குறைத்தது, சிலரை விடுவித்தது. தீர்ப்பைப் பற்றி இங்கே நான் வாதாடப் போறதில்லை. ஆனால் யோசிச்சுப் பாருங்க. ஓலைக் கூரையை ஓடாக மாற்றும் அதிகாரம் அடுப்படியில் நின்ற அந்தப் பெண்ணிடமா இருந்தது?

2012இலும் இதே மாதிரி ஒன்று. சென்னை தாம்பரம் பக்கம் ஒரு பள்ளிப் பேருந்தின் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக ரெண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். அந்தப் பேருந்துக்கு எஃப்.சி. இருந்தது. ஆய்வு நடந்ததாகக் காகிதம் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கு என்று அந்தப் பேருந்தில் தினமும் பிள்ளையை ஏற்றிவிட்ட ஒரு அம்மாவுக்குக்கூடத் தெரியாது. அதற்குப் பிறகு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. இப்போ வருஷா வருஷம் பள்ளி திறக்கும் முன்னாடி மைதானத்தில் பேருந்துகளை வரிசையாக நிறுத்தி எல்லோர் கண் முன்னாலும் சோதிக்கிறார்கள். தேனியிலும் நடக்கும். எத்தனை வண்டி தேறவில்லை என்று மறுநாள் பேப்பரில் வரும். வண்டிக்குச் செய்கிறோம். பிள்ளை நாள் முழுக்க இருக்கிற அறைக்கு இன்னும் செய்யவில்லை.

ஆக, மூடி வைப்பதால் வருகிற விலை நமக்குத் தெரியும். திறந்து வைப்பதில் என்ன சிக்கல்?

இணையத்தில் ஏற்றியவர்கள் கற்றது

தகவல் உரிமைச் சட்டத்தை இந்தியாவில் முதலில் இயற்றிய மாநிலம் தமிழ்நாடுதான், 1997இல். தேசிய அளவில் 2005இல் வந்தது. அதன் 4ஆவது பிரிவு, மக்கள் கேட்கும் முன்னாடியே அரசு அலுவலகங்கள் தகவலைத் தாமாக வெளியிட வேண்டும் என்கிறது. ஆக, அறிக்கையை வெளியிடுவது நமக்கு அந்நியமான யோசனை இல்லை.

வெளிநாட்டில் இதைச் செய்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் 2014இல் திருத்திய குழந்தைப் பராமரிப்புச் சட்டப்படி, மாநிலங்கள் காப்பகங்களின் ஆய்வு முடிவுகளைச் சாதாரண மக்களுக்குப் புரியும் மொழியில் இணையத்தில் போட வேண்டும். வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களும் இதில் அடக்கம். பெற்றோருக்கு இது பெரிய வசதி. ஆனால் அதே நாட்டில் 2005க்கும் 2017க்கும் நடுவில் உரிமம் பெற்ற சிறு வீட்டுக் காப்பகங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. இணையத்தில் போட்டதால்தான் குறைந்தது என்று சொல்ல முடியாது. சரிவு அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. குறைந்த வருமானம், வயதாகும் பராமரிப்பாளர்கள், ஏறிக்கொண்டே போகும் விதிகள் என்று காரணங்கள் பல. ஆனாலும் அதில் ஒரு எச்சரிக்கை இருக்கு. வீட்டுக் காப்பகம் மூடினால் பிள்ளை பெரிய காப்பகத்துக்குத்தான் போகும் என்று கட்டாயமில்லை. பதிவே இல்லாத இன்னொரு வீட்டுக்குப் போகலாம்.

இங்கிலாந்தில் 2001 முதல் குழந்தைப் பராமரிப்பு ஆய்வு ஆஃப்ஸ்டெட் என்ற அமைப்பின் கையில். அறிக்கைகள் இணையத்தில் இருக்கும். வீட்டில் பிள்ளை பார்ப்பவர் விஷயத்தில் அவர்கள் ஒன்று செய்தார்கள். அறிக்கை இருக்கும், ஆனால் அதில் அவர் முழு வீட்டு முகவரி இருக்காது. அவருக்கு அது கடை இல்லை, குடியிருக்கும் வீடு. அவர் பிள்ளைகளும் அங்கேதான் தூங்குகின்றன. அந்த வித்தியாசத்தை மதித்தார்கள்.

ஆனால் இன்னொரு இடத்தில் சறுக்கினார்கள். முழு ஆய்வையும் ஒரே சொல்லில் சுருக்கிவிடும் பழக்கம் இருந்தது. 2023 ஜனவரியில், ரெடிங் நகரத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியை ஒருவர் தற்கொலை செய்துகொண்டார். அவர் பள்ளிக்குப் பெரும்பாலான பிரிவுகளில் "நன்று" என்று கிடைத்தும், ஒரு பிரிவில் இருந்த குறையால் மொத்தப் பள்ளிக்கும் மிக மோசமான தரம் கிடைத்திருந்தது. அந்த ஆய்வும் அவர் மரணத்துக்குக் காரணமானது என்று விசாரணை அதிகாரி முடிவு சொன்னார். அதே பள்ளியைச் சில மாதங்களிலேயே மறுபடி ஆய்வு செய்தபோது "நன்று" என்று வந்தது. குறை திருத்தக்கூடியதாகத்தான் இருந்தது. 2024 செப்டம்பரில் பள்ளிகளுக்கு அந்த ஒற்றைச் சொல் தரத்தைக் கைவிட்டார்கள்.

இதைக் கேட்டுட்டு "அப்போ வெளியிடவே வேணாம்" என்று முடிவு கட்டக் கூடாது. அங்கேயும் யாரும் அறிக்கைகளைத் திரும்பப் பூட்டி வைக்கவில்லை. எழுதும் விதத்தைத்தான் மாற்றினார்கள்.

பள்ளத்தாக்கில் ஒரு பலகை

இப்போ கம்பத்துக்குத் திரும்பலாம். அந்த அத்தை வீட்டு வாசலில் ஒரு ஆய்வுப் பலகை மாட்டணும்னு வச்சுக்குவோம். அதில் என்ன எழுதுவோம்?

தண்ணீர்த் தொட்டிக்கு மூடி இல்லை. இது உயிர்ப் பிரச்சினை. இதை அன்றைக்கே பெற்றோருக்குச் சொல்லியாகணும். மூடி போடும்வரை பிள்ளைகள் அங்கே இருக்கக் கூடாது. இதில் நியாயம், தாட்சண்யம் எல்லாம் பேச இடமில்லை. அடுப்பும் பிள்ளைகளும் ஒரே அறையில் என்றால் அதுவும் அப்படித்தான்.

அடுத்தது, ஒயரிங் பழசு, படிக்கட்டுக்குக் கைப்பிடி இல்லை. வீடு அவருடையது இல்லை. செய்ய வேண்டியவர் வீட்டுக்காரர். பலகையில் அத்தை பேர் மட்டும் இருந்தால் அது பொய் சொல்லுகிற பலகை.

அதற்கடுத்து, சான்றிதழ் இல்லை. நம்ம ஊரில் தனியார் பள்ளி நடத்தக் கட்டட உறுதி, கட்டட உரிமம், தீயணைப்பு, சுகாதாரம் என்று நாலு சான்றிதழ் வாங்கணும் என்பது பெற்றோர் பலருக்கும் தெரியும். பெரிய பள்ளிக்கு இதற்கென்று ஆள் இருப்பார். ஆறு பிள்ளை வைத்திருக்கும் பெண் ஒரு நாள் அலுவலகத்துக்கு அலைந்தால் அன்றைக்குப் பிள்ளைகளை யார் பார்ப்பது? விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார் என்றால், கொடுத்த தேதியும் பலகையில் வரணும். தாமதம் அலுவலகத்துடையது என்று தெரியணும்.

கடைசியாக ஒரு வரி. இந்தப் பிள்ளைகளின் அம்மாக்கள் வேலை செய்யும் இடத்தில் சட்டப்படி காப்பகம் இருக்க வேண்டும், அது ஏன் இவர்களுக்குக் கிடைக்கவில்லை? 1951இல் இருந்து நிற்கிற இந்தக் கேள்விக்கு எந்தப் பலகையிலும் இடமில்லை.

இன்னொன்றையும் கவனிக்கணும். தமிழ்நாட்டில் 54,000க்கும் மேல் அங்கன்வாடி மையங்கள் இருக்கு. 2021இல் போஷன் டிராக்கர் செயலி வந்ததில் இருந்து அந்தப் பணியாளர்கள் யார் வந்தார், என்ன எடை, என்ன சாப்பாடு என்று போனில் ஏற்றிக்கொண்டே இருக்கிறார்கள். அவர்கள் அரசுப் பதவி வகிப்பவர்கள் இல்லை என்று 2006இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணிக்கொடைக்கு உரிமை உண்டு என்று அதே நீதிமன்றம் சொல்ல 2022 ஆனது. குறைவான மதிப்பூதியம் வாங்கும் பெண்ணைத்தான் நாம் அதிகமாகக் கண்காணிக்கிறோம். தோட்ட முதலாளியின் காப்பகத்தையோ ஃபீஸ் வாங்கும் பெரிய மழலையர் பள்ளியையோ அந்த அளவுக்குப் பார்ப்பதில்லை. ஆய்வு முடிவுகளை வெளியிடணும் என்றால் முதலில் அங்கிருந்து தொடங்கலாம். தாங்கும் சக்தி உள்ளவர்களிடம் இருந்து.

அப்புறம் அத்தை வீட்டுக்கு வரட்டும். வரும்போது 1980இல் வந்த மாதிரி வரட்டும். கையில் அட்டையோடும், கூடவே தொட்டி மூடிக்கான பணத்தோடும், ரெண்டு நாள் பயிற்சியோடும். குறை எழுதினால் அவர் பதிலையும் பக்கத்தில் எழுதட்டும். திருத்தினதும் மறுபடி வந்து பார்த்து, அந்தத் தேதியையும் போடட்டும். ஊருக்கே முகவரியைக் காட்ட வேண்டாம், பிள்ளையை விடும் பெற்றோர் எல்லோரும் படிக்கட்டும். ஒற்றை மார்க் வேண்டாம்.

இதையெல்லாம் செய்தால் மதுரை மாதிரி ஒரு சாவு இனி நடக்கவே நடக்காது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு அம்மா காலையில் ஜீப் ஏறும் முன்னாடி அத்தையிடம், "தொட்டிக்கு மூடி போட்டாச்சா அத்தை?" என்று கேட்க முடியும். அத்தையும் "வந்து பாரு ஆத்தா" என்று சொல்ல முடியும். இப்போ அந்தப் பேச்சு நடக்க வழியே இல்லாமல் இருக்கு. கேட்டால் அத்தை கோபிச்சுக்குவார், பிள்ளையை விட வேற இடமும் இல்லை என்று அம்மா பேசாமல் ஜீப் ஏறிவிடுகிறார்.

உங்க வீட்டுப் பக்கத்தில் டேகேர் நடத்துறவங்களையோ, உங்களைச் சின்ன வயசில் பார்த்துக்கிட்ட ஆயாவையோ உங்களுக்குத் தெரியும்னா, இந்த எபிசோடை அவங்களோட சேர்ந்து கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.